உதடு ஒட்டுமிடம்

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு மாடியறை.
சுவரெங்கும் முட்டை அட்டை.
கதவிடுக்கில் பனியன் வேஸ்ட் அடைத்திருக்கும்,
லாரிச் சத்தம் உள்ளே வராமலிருக்க.
பகலெல்லாம் செக்கிங் டேபிளில்
துணியின் ஓட்டை தேடிய கண்ணோடு
ஏழு மணிக்கு மைக் முன்னால் உட்காருவேன்.
லோக்கல் கேபிளுக்கு டப்பிங்.
எபிசோடுக்கு நானூறு ரூபாய்.

திரையில் உகாண்டா.
அங்கத்திய பெண்கள்
அங்கத்திய டிவிக்கே எடுத்த தொடர்.
வாரம் ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து
தனக்கு நடந்ததைச் சொல்வாள்.
மறுவாரம் கேமரா
அவளை அலையவிட்ட ஆபீஸ் வாசலில் போய் நிற்கும்.
உள்ளேயிருப்பவர் வெளியே வரும்வரை
நின்றுகொண்டேயிருக்கும்.

இந்த வாரம் நலுபேகா.
புருசன் போன நாற்பதாம் நாள்
கொழுந்தன்மார் டேப் கொண்டுவந்து
வாழைத்தோப்பை அளந்தார்களாம்.
"அந்த டேப்பாலேயே என்னையும் அளந்தாங்க"
என்று சொல்லிச் சிரிக்கிறாள்.
அந்தச் சிரிப்புக்கு ஸ்கிரிப்டில்
'அழுகை' என்று போட்டிருந்தது.
நான் சிரித்தேன். அல்தாப் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி வரிதான் மாட்டிக்கொண்டது.
எழுதிக்கொடுத்தது இப்படி:
"எனக்குரிய நியாயமான உரிமையைப் பெற்றே தீருவேன்."
அவளுக்கோ ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது.
நான் 'உரிமையை'யில் நிற்கும்போது
அவள் தண்ணி குடிக்கிறாள்.

"உதட்டைப் பாருங்கக்கா" என்றான் அல்தாப்.
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
எட்டுத் தடவை இருக்கும்.
ஓரிடத்தில் ஒட்டுகிறது, பிரிகிறது.
மகரமோ பகரமோ அங்கே இருந்தாக வேண்டும்.
எங்கிருந்து வந்ததென்று தெரியாது,
"எம்பங்குங்" என்றேன்.

"கரெக்டா உக்காந்துருச்சு.
ஆனா கடைசில ஒரு 'ங்' நீட்டிக்கிட்டு நிக்குதே.
அவங்க முடிச்சுட்டாங்க,
நீங்க இன்னும் மரியாதை குடுத்துட்டிருக்கீங்க."

ங்.
கண்டக்டருக்கு ங், மேஸ்திரிக்கு ங்.
போனசில் பிடித்தவனிடமும்
"ஏனுங்" என்றே கேட்ட நாக்கு.
எங்கம்மா மாகாளியிடமே "காப்பாத்துங்" என்பாள்.
அந்த ஒற்றை மெய்யெழுத்தை வெட்ட
பதினாலு டேக்.

எம்பங்கு.

ஞாயிறு பொழுதோட ஒளிபரப்பு.
திங்கள் டீ டயத்தில்
ஓவர்லாக் பிள்ளை ஒருத்தி ஓடிவந்தாள்.
"நேத்து டிவில ஆப்பிரிக்காக்காரி ஒருத்தி
அச்சு உங்களாட்டமே பேசுனாக்கா.
ஹாஸ்டல்ல சோத்துத் தட்டோட நின்னு பாத்தோம்.
வார்டன் வந்து ரிமோட்டக் கேட்டாங்க.
அதை யாரோ மாவுச் சட்டிக்குள்ள
போட்டு வெச்சிருந்தாங்க."
மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:
"அவளுக்குத் தோப்பு கெடச்சுதா?"
அடுத்த வாரம் பாரு என்றேன்.
அடுத்த எபிசோடு எனக்கே இன்னும் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி கிட்டுசாமி அண்ணன் போன்.
அப்பாவுக்கு வருசம் திரும்பியாச்சு,
விடுதலைப் பத்திரம் டைப் அடிச்சாச்சு,
வியாழக்கிழமை தாராபுரம்
சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் பத்தரைக்கெல்லாம் வந்துரு.
"உனக்கொரு பட்டுச்சேலை எடுத்து வெச்சிருக்கா உங்க அண்ணி.
ஒரு கையெழுத்துதானே, துளசிமணி.
என்ன சொல்ற?"

நாலரை ஏக்கரா. ஒரு கிணறு.
கிணற்றுமேட்டுத் தென்னை பதினொன்று,
அதில் ஆறு, நான் தண்ணி ஊற்றியது.

வாயெடுத்தேன். "எ" தொண்டையிலேயே நின்றுவிட்டது.
"ம்" என்று உதடு ஒட்டியது.
எங்கள் பக்கம் "ம்" என்றால் சரியென்று அர்த்தம்.
"அப்பச் செரி, வெச்சரட்டுமா" என்றான் அண்ணன்.

"இருங்ண்ணா.
நாஞ் சொல்ல வந்தது இன்னும் முடியலைங்."

ங் திரும்ப வந்துவிட்டது.
பதினைந்தாவது டேக்குக்கு
உதட்டைப் பிரித்தேன்.