பழைய நம்பர்

ஒன்பது மணிக்கு அது கேட்கும்:
இன்று இரவு எங்கே உறங்குகிறீர்கள்?
வீடு. உறவினர் வீடு. விடுதி. மற்றவை.
நான் மற்றவையைத் தொடுவேன்.
நன்றி என்று ஒரு பச்சை இலை
திரையில் விழுந்து மறையும்.

மற்றவை என்றால்
வடசேரி பஸ் ஸ்டாண்டில், திருவனந்தபுரம் வண்டி நிற்கும் பக்கம்
மூன்றாவது தூண்.
சாய்ந்து மழையடித்தால் கோட்டாறு ரயிலடி.
அங்கிருந்தும் எழுப்பிவிட்டால்
பார்வதிபுரம் பாலத்துக்கு அடியில் விடியும்வரை நிற்பது.
உறங்குவதில்லை.
அதற்கும் மற்றவைதான்.

பாளையங்கோட்டையில் கேட்டைத் தாண்டிய அன்று
மூன்று வருடம் மடித்துக்கிடந்த சட்டையைத் தந்தார்கள்.
போனைத் தந்தது சுபிஜா. மேல்புறத்துக்காரி,
வயது இருபத்தைந்துகூட இருக்காது.
"அண்ணே, இதுல அமுக்குனா நான் வருவேன்"
என்று சிவப்புப் பொத்தானைக் காட்டினாள்.
இன்னும் அமுக்கவில்லை.
அமுக்கி, அவள் வராமல் போனால்?

சோறு எப்படியும் கிடைத்துவிடும்.
சார்ஜ்தான் பாடு.
லாசர் கடையில் ஒரு டீ குடித்து முடியும்வரை ஏற்றலாம்.
ஆற ஆறக் குடிப்பேன்.
டீக்குக் காசில்லாத நாளில் அவர்
பிளக்கைப் பிடுங்கி, முகம் பாராமல் நீட்டுவார்.

ஒரு ராத்திரி ஏட்டு பிடித்தார்.
"ஆர்ட்டல அடிச்ச?"
தந்தாங்க என்றேன்.
"ஒனக்கு எவம்ல தருவான்?"
அப்போது மணி ஒன்பது.
அவர் கையிலிருந்தே அது கேட்டது.
வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.
என் துண்டின் மேல் அதை வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.

நான் என்ன செய்துவிட்டு உள்ளே போனேன் என்று
போன் இதுவரை கேட்டதில்லை.
மற்றவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

விடுதியில் படுக்கைக்கு ஆதார் வேண்டும்.
கார்டு எங்கே போனதோ.
விரலை வைக்கச் சொன்னார்கள், இ-சேவை மையத்தில்.
குலசேகரத்தில் இருபது வருடம் ரப்பர் வெட்டிய விரல்.
ஆசிட்டும் பாலும் தின்றதுபோக
ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை.
அப்படியானால் ஓ.டி.பி.
ஓ.டி.பி போவது பழைய நம்பருக்கு.
நான் உள்ளே கிடந்த காலத்தில்
கம்பெனி அதை வேறு யாருக்கோ விற்றுவிட்டது.

ஆகவே, என்னை நானே கூப்பிட்டேன்.
ஐந்தாவது மணிக்கு எடுத்தாள் ஒரு பெண்.
பின்னால் கடல், மீன் ஏலம்.
"ஆராக்கும்?"
"இது எனக்க நம்பர். பழையது. ரசல்ராஜ்."
கொஞ்ச நேரம் ஏலம் மட்டும் கேட்டது.
முந்நூறு. முந்நூத்தி இருபது.
பிறகு சொன்னாள்:
"நீருதானா அது?
சிட்டுக்காரன் மூணு மட்டம் என்னையப் போட்டு ஏசினான்.
பிறவு ஒரு பிள்ள.
மாசம் ஒருக்கா கூப்பிடும், 'அப்பா உண்டா'ன்னு கேக்கும்.
இல்ல மக்களே, ராங் நம்பராக்கும்னு சொல்லுவேன்.
அடுத்த மாசமும் கேக்கும்."

ஓ.டி.பி-யின் ஆறு எண்களை
நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.
சுபிஜா எழுதிக்கொண்டாள்.
பிறகு, நான் கேட்காமலே,
இன்னொரு பத்து எண்.
அதை எழுதும்போது சுபிஜா என்னைப் பார்க்கவில்லை.

வெட்டூர்ணிமடத்தில் கட்டில் ஏழு.
மாடிப்படிக்குக் கீழே, எழுந்தால் தலை இடிக்கும்.
தலைமாட்டில் பிளக் இருக்கிறது.
ஒன்பது மணிக்கு அது கேட்டது. பதில் சொன்னேன்.
இப்போது இன்னொன்று கேட்கிறது,
புதிய எண்ணுக்குப் பெயர் என்ன?
எனக்குத் தெரியும். நான் வைத்த பெயர்தான்.
அ கிடைத்தது. பி கிடைத்தது.
ஷா எந்த மூலையில் இருக்கிறதென்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.