குளியலறையில் ஒரு வாத்து

அக்டோபரில் குழாய் கசியத் தொடங்கியது.
சுவரில் முதலில் ஓர் ஈரத் தீவு,
பிறகு அதற்கொரு குட்டித் தீவு.
ஸ்பாஸே கடப்பாரையோடு வந்தான்,
பழைய பாக்கியைப் பற்றி வாயே திறக்காமல்.
நாலு ஓடு பெயர்த்து ஒரு முழம் தோண்டியவன்
"தோன்கா, இங்கே ஒரு வாத்து இருக்கிறது" என்றான்.

இருந்தது.
அரிசியைவிடச் சற்றுப் பெரிய கற்களால் ஆன வாத்து.
ஒரு கண் முழுசாக.
மற்றது இருக்கவேண்டிய இடத்தில்
என் வீட்டுக் கழிவுநீர்.

எங்கள் வாரோஷ் சரிவில் யாரும் ஆழமாகத் தோண்டுவதில்லை.
ரோஜாப் பதியன் வைப்பதென்றாலும்
தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுத்தான்.
ஜன்னல் கட்டைக்கு எந்தப் பழுப்பு என்பதற்கே
ஓஹ்ரிட் நகரமன்றத்தில் மூன்று கையெழுத்து வேண்டும்;
மூன்றாமவர் எப்போதும் காப்பி குடிக்கப் போயிருப்பார்.
வாத்து என்று தெரிந்தால் நாடா கட்டிவிடுவார்கள்.
கீழ்த்தெரு மெத்தோதியா
கக்கூஸ் இல்லாமல் பதினாலு மாசம் இருந்தான்,
ஒரு சட்டிக் கழுத்துக்காக.

"சிமெண்ட் வண்டியில் கிடக்கிறது" என்றான் ஸ்பாஸே.
"நான் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை."
வாத்து எங்கள் இருவரையும் பார்த்தது.

ஜன்னலுக்குக் கீழே அந்த நேரம் பார்த்து
குடை பிடித்த வழிகாட்டி:
வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை தேவாலயம்
ஒரு காலத்தில் இங்கே இருந்ததாம்.
அந்த வாக்கியம் எனக்கு ஏழு மொழியில் மனப்பாடம்.
டச்சில் மட்டும் நடுவில் ஓரிடத்தில் சிரிக்கிறார்கள்,
ஏனென்று தெரியவில்லை.
கொடியில் தொங்கும் என் பாவாடை
இதுவரை எத்தனை நாட்டு ஆல்பங்களில் காய்கிறதோ.
ஒருமுறை ஒருத்தர் கதவைத் திறந்து
அடுப்படி வரைக்கும் வந்துவிட்டார்.
மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன்.
"இங்கே ஜனங்கள் இன்னும் வசிக்கிறார்களா?"

வசிக்கிறோம்.
ஜனவரியில் வந்து பாருங்கள்.
ஏரியிலிருந்து காற்று ஏறி
எல்லாப் படிக்கட்டையும் பெருக்கிவிட்டுப் போகும்.
இரவில் அக்கரையில் அல்பேனியாவின் விளக்குகள் எரியும்.
எங்கள் சரிவில் புகை எழும் கூரை ஒன்பது.
போன வருஷம் பதினொன்று.
மற்ற வீடுகளில் சாவி
சின்னப் பெட்டிக்குள் தூங்குகிறது,
நாலு இலக்க எண் தெரிந்தவர்களுக்காக.
மால்மோவிலிருந்து என் தம்பி பேசினால்
நலம் விசாரித்து முடிப்பதற்குள்
விலை கேட்டவன் பெயரைச் சொல்லிவிடுகிறான்.

எதிர்வீட்டு ஜீவ்காவிடம் மட்டும் சொன்னேன்.
அவள் மேல்மாடியும் என் மேல்மாடியும்
தெருவுக்கு மேலே மூக்கை நீட்டி
முட்டாத குறையாக நிற்பவை.
ஜன்னல் வழியே கிசுகிசுத்தால் போதும்.
அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.
பிறகு சொன்னாள்:
"என் வாஷிங் மெஷினுக்குக் கீழே ஒரு மீன்.
எண்பத்தாறிலிருந்து."

அப்படியே ஒவ்வொன்றாக வெளிவந்தது.
பேக்கரிக்காரர் மாவு மூட்டைக்கு அடியில்
யாரோ ஒருவரின் பளிங்கு முழங்கால்.
மருந்துக்கடை விதோசாவின் நிலவறையில்
தலைகீழாய் எழுத்துள்ள படி;
அதன்மேல் ஊறுகாய் ஜாடி.
அவரவர் வாத்தை அவரவர் மிதித்துக்கொண்டு
காலையில் பல் தேய்த்திருக்கிறோம்
இத்தனை வருஷமாக.

ஸ்பாஸேயிடம் சிமெண்ட் வேண்டாம் என்றேன்.
முனகினான். குழாயை வளைத்தான்,
வாத்தைச் சுற்றி, கழுத்தில் படாமல்.
மணல் தூவினோம். மேலே ஓடு,
ஒட்டாமல் சும்மா வைத்தது.
வளைவுக்குத் தனியாக எண்ணூறு தெனார் கேட்டான்.
அடுத்த மாசம் என்றேன்.

இப்போது குளித்துத் தண்ணீர் இறங்கும்போது
வளைவில் ஒரு சத்தம் வருகிறது.
எந்தச் சத்தம் என்று சொல்லமாட்டேன்.
ஜீவ்காவுக்குக் கேட்கிறது.