அரை, கால், அரைக்கால்

பொழியூர் தாண்டினால் நீரோடி.
கடைப் பலகையில் எழுத்து மாறும், மணல் மாறாது.
பஸ் வேண்டாமென்று ஆட்டோவில் வந்தேன்,
பின்சீட்டின் ஓரத்தில்,
டிரைவர் முதுகை விட்டு எட்டின மட்டும் தள்ளி.

திருவனந்தபுரத்தில் ஈயக் கதவு வைத்த அறை, மூன்று நாள்.
கனத்த குப்பியிலிருந்து ஒரே ஒரு குளிகை உருண்டது.
அயோடின். ருசியில்லை.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஸிஸ்டர் கை காட்டினாள்:
வெள்ளம் குடி, புளிப்பு மிட்டாய் சப்பு,
கக்கூஸில் ரெண்டு தடவை தண்ணி விடு.

விடும் நாளில் பிஜுலால் வந்தான் கருவியோடு.
ஒரு மீட்டர் தள்ளி நின்று என் கழுத்தைக் கேட்டான்.
கிர். கிர்ர். கிர்.
"எந்த அணு எப்போ உடையும்னு ஆருக்கும் அறியாது சேச்சி.
எட்டு நாள்ல பாதி உடையும். அது மட்டும் உறப்பு."

நான் வள்ளவிளையில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவள்.
எந்த வள்ளம் வெறுமனே திரும்பும் என்று சொல்லமாட்டேன்,
மாசத்துக்கு எத்தனை என்று சொல்லுவேன்.
ஆகவே புரிந்தது.
ஆனாலும் இப்படியொரு கடன் வாங்கினவனைக் கண்டதில்லை.
எட்டு நாளுக்கொருதரம் தவறாமல் வருகிறான்,
நிற்கும் பாக்கியில் பாதியை வைக்கிறான்.
அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம்.
பேரேட்டை மூட விடமாட்டான்.

வீட்டு முற்றத்திலும் ஒருவன் கிடக்கிறான்,
கறுத்த மணலுக்குள், தோரியம்.
அவன் பாதியைத் தர ஆயிரத்து நானூறு கோடி வருஷம்.
மணல் அளக்க வந்தவர்கள் கருவியை வைத்த அன்று
இதே கிர் கேட்டது, சோம்பலாக.
அவர்கள் போனதும் அங்கேயே வலை காயப்போட்டோம்.

காலால் கோடு கிழித்தேன்.
அந்தப் பக்கம் நாத்தூன் டெல்மா.
அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான் ரோவின், ரெண்டு வயசு.
கோடு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது,
அதுதான் கஷ்டம்.

உட்கார்ந்தான். நேந்திரம்பழம் கடித்தான்.
(பழத்திலும் ஒரு பொடி உண்டு, பொட்டாசியம்,
எல்லார் சதையிலும் உண்டு என்றிருந்தான் பிஜுலால்.)
மென்றுகொண்டே என்னைப் பார்த்தான்.
பிறகு மிச்சத்தை விட்டெறிந்தான்
கோட்டுக்கு இப்பால்.

பாதி.

மணலை ஊதிவிட்டுத் தின்றேன்.
நான் தொட்டதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது;
தோலைத் தனிப் பையில் போட்டு முடிச்சிட்டேன்.

இன்று பதினோராம் நாள்.