பதினேழாம் பிரிவு

கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
எனக்கு வாக்கில்லை; தொண்டை மட்டும் உண்டு.

ட்ரியெஸ்டெ, பிப்ரவரி. வெளியே போரா காற்று
ஆட்களைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போகிறது.
உள்ளே பதினொரு நாட்டுச் சட்டங்கள்
ஒரே மேசையைச் சுற்றி,
நான்காம் நாளாய் ஒரே வாக்கியம்.

உதாரணத்துக்கு இருவரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள்:
செகெடில் வாத்திறகு விற்பவர் ஒருவர்,
டண்டியில் தலையணை தைப்பவர் ஒருவர்.
பெயர் கிடையாது, விலை கிடையாது.
"சம்மதம்" என்று எழுதிய கடிதம் மட்டும்
கலேயில், ஒரு தபால் வண்டிக்குள்.

ருவரி மக்காஸ்கில் எழுந்தார்:
பெட்டியின் வாய்க்குள் கடிதம் விழுந்தது,
ஒப்பந்தம் பிறந்தது, அவ்வளவுதான்.
பிரோஷ்கா ஒத்துக்கொள்ளவில்லை:
கைக்கு வராத சொல் என்னைக் கட்டுமா?
கதவைத் தாண்டி உள்ளே வரட்டும், பிறகு பேசலாம்.

ஆக, அதே உறைக்குள்
ஒரு கரையில் வாக்கு,
மறுகரையில் வெறும் காகிதம்.

வண்டியோட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நான்கு நாளாய் அவரை அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறோம்.
இரண்டு பக்கத்தையும் நானே பேசினேன்,
தலா அரைமணி.
இரண்டு முறையும் என் பேச்சை நானே நம்பினேன்.
அதுதான் இந்த வேலையின் கேடு.

"நியாயமான காலம்" என்றார் லிஸ்பன்காரர், சமாதானத்துக்கு.
எத்தனை நாள் என்றார் ஹெல்சின்கிக்காரர்.
நியாயமான அளவு.
யாரும் சிரிக்கவில்லை.
ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு
நான் சிரித்தேன்.

மாலை நாலரைக்கு, ஏழுக்கு நாலு.
"சென்று சேரும்போது."
ருவரி பேனாவை மூடினார்.
ஒரு தீவின் சிவப்புப் பெட்டிகளெல்லாம்
கொஞ்சம் வாயடைத்துப்போனது போலிருந்தது.
இனி வண்டியை எடுங்கள் ஐயா,
என்றேன் மனசுக்குள், கலேயைப் பார்த்து.

வெளியே காற்றுக்காகக் கயிறு கட்டியிருந்தார்கள்.
அவரும் பிரோஷ்காவும் முன்னும் பின்னுமாய்
அதைப் பிடித்து நடந்தார்கள்,
எந்தச் சட்டத்தின்கீழ் கட்டியது என்று கேட்காமல்.

மூலைக் கடையில் அவர் கப்புச்சீனோ கேட்டார்.
இந்த ஊரில் அந்தப் பெயருக்கு வேறு கோப்பை:
விரல் உயரம், ஒரு பொட்டு நுரை.
கேட்டது இதுவல்ல என்று சொல்லச் சொல்லி
என்னைப் பார்த்தார்.
நான் வாய் திறப்பதற்குள்
பிரோஷ்கா சர்க்கரையை அவர் பக்கம் நகர்த்தினார்.

குடித்துவிட்டார்.

நடத்தையால் ஏற்பு.
அது பதினெட்டாம் பிரிவு.
நாளைக்கு.