வெளிர்நிறம்

பெருந்துறை ஆஸ்பத்திரியில் எங்கள் பதிவேட்டறைச் சுவரில்
புராஸ்டேட் புற்றின் உலகப்படம்.
நார்வே கருஞ்சிவப்பு, கரீபியத் தீவுகளும்.
நம்ம பக்கம்
தண்ணி விளாவிய மோராட்டம் கிடக்கிறது.

"நமக்கெல்லாம் அது வர்றதில்லீங்க" என்றார்
கணக்கர் செல்லக்குட்டி,
மூணாந்தடவை பாத்ரூமுக்கு எந்திரித்தபடியே.

செத்தவர் எதில் செத்தார் என்று
ஸ்கூட்டரில் போய்க் கேட்டு எழுதுவது என் வேலை.

வெள்ளக்கோவில் ராக்கியண்ணன், அறுபத்தெட்டு.
சான்றிதழில் மாரடைப்பு.
"ஒரு வருசமா இடுப்பெலும்பு வலிங்க,
வேப்பெண்ணெய் தேச்சேன்.
ராத்திரிக்கு ஏழு தடவை எந்திரிப்பாரு.
என்னாச்சுன்னா,
பொம்பளகிட்டப் பேசற பேச்சா அதும்பாரு."
மருதாயாள் எழுந்து
எருமைக்குப் பருத்திக்கொட்டை கரைக்கப் போனார்.

ரத்தப் பரிசோதனை இல்லை. சதைத்துணுக்கு இல்லை.
படிவத்தில் சந்தேகத்துக்குக் கட்டமும் இல்லை.
மாரடைப்பென்றே எழுதிக்கொண்டேன்.

நார்வேக்காரன் தேடுகிறான், கிடைக்கிறது.
நமக்கு நிஜமாகவே குறைவாகவும் இருக்கலாம்;
சோளமோ, ரத்தமோ, எனக்குத் தெரியாது.
அந்த வெளிர்நிறத்துக்குள்
ராக்கியண்ணன் இருப்பது தெரியும்.

ராத்திரி ரெண்டு மணி.
எங்கள் பொடக்காலி விளக்கு மறுபடி எரிந்தது.
கையில் படிவம் இல்லாமல்
அப்பாவிடம் எப்படிக் கேட்பதென்று
நடையில் நின்றேன்.
உள்ளே
குழாய் சொட்டுவதுபோல,
விட்டு
விட்டு.