எண்பது மைல் என்று எழுதிய பெட்டி

ஆன்டெனா கேட்டு வருகிறவர்களிடம்
நான் முதலில் விலை சொல்வதில்லை.
உங்கள் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பேன்.
விழிப்பார்கள்.
முப்பது வருஷம் குடியிருந்த வீட்டுக்குத்
தெற்கு எதுவென்று தெரியாமலே
வரி கட்டியிருப்பார்கள்.

வெர்மாண்டின் இந்த மூலையில்
ஆணி, உப்பு மூட்டை, பனி வாரும் மண்வெட்டி,
ஏழாவது வரிசையில் ஆன்டெனா.
கேபிள் கட்டணம் ஏறுகிற மாதமெல்லாம்
அந்த வரிசைதான் முதலில் சேறாகும்.

காகிதம்போல் தட்டையாய் ஒன்று,
கண்ணாடியில் ஒட்டிவிடலாம்.
மேசைமேல் வைக்க முயல்காது.
கூரைக்கு, மீன்முள் மாதிரி நீளமாய் ஒன்று.
பெட்டியில் எண்பது மைல் என்று போட்டிருக்கும்.
எண்பது மைலும் கடலாக இருந்தால் சரி.
இங்கே மைலுக்கொரு மலை.

எல்வுட் லாரோ பிப்ரவரியில் வந்தார்.
பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுகிறவர்.
கையுறையைக் கழற்றாமல்
ஒரு சேனல் போதும் என்றார்.

எத்தனை வரும் என்றுதான் கேட்பார்கள் எல்லாரும்.
ஒன்று போதும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எண்ணைச் சொன்னார். ஏரிக்கு அக்கரைக் கோபுரம்.
காலை ஐந்தரைக்கு, என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
வானிலை, என்றார்.

ஊருக்கே தெரியும்.
ஐந்தரைக்கு வரைபடத்தின் முன் நின்று
எத்தனை அங்குலம் பனி என்று சொல்கிறவள் நடீன்.
நாலு வருஷத்துக்கு முன்புவரை
நடீன் லாரோ.
நான் ஏணியை நகர்த்தப் போய்விட்டேன்.

திரும்பி வந்து தொழிலைப் பேசினேன்.
திரையில் தெரியும் எண் வேறு, காற்றில் வரும் எண் வேறு;
இடம் மாறிப் பல காலம் ஆகியும்
அந்தச் சேனல் பழைய எண்ணையே போட்டுக்கொள்கிறது.
தட்டையானது உங்களுக்கு ஆகாது,
உங்கள் சுவருக்குள் இருப்பது வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சு.
கூரையில் வையுங்கள்.
மேற்கிலிருந்து ஒரு விரற்கடை தெற்கே திருப்புங்கள்.

பூஸ்டர் போட்டால்? என்றார்.
வராததைப் பெரிதாக்க முடியாது, என்றேன்.
சொன்ன பிறகுதான்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச்சில் உப்பு வாங்க வந்தார்.
வருகிறதா?
கண்ணாடி மாதிரி, என்றார்.
சவரம் செய்திருந்தார்.

அந்தக் காலத்துப் பெட்டியென்றால்
புள்ளி பறந்தாலும் மங்கலாய் ஓர் உருவம் நிற்கும்.
இப்போது வந்தால் முழுசாய் வரும்,
இல்லையென்றால் கறுப்பு.
நடுவில் சில நாள் மட்டும்
கட்டம் கட்டமாய் உடையும்.

மே இரண்டாம் வாரம்
மேப்பிள் எல்லாம் ஒரே ராத்திரியில் துளிர்த்தது.
மறுநாளே கடைவாசலில் அவர் லாரி.
உடைகிறாள், என்றார்.
உடைகிறது, என்று திருத்திக்கொண்டார்.
வாயில் பாதிச் சொல் நிற்கிறதாம்,
கை போன பின்னும் மேகம் அங்கேயே கிடக்கிறதாம்.

இலைதான், என்றேன்.
அலைக்கும் இலைக்கும் ஓரெழுத்து வித்தியாசம்,
ஒன்றுக்கொன்று ஆகாது.
அதுவும் நனைந்த இலை என்றால் சுவர்.

மேற்கே மூன்று மரம் நிற்கிறது, என்றார்.
பாகுக்காக வாளி கட்டுகிற மரங்கள்.
மூன்றாவது வரிசைக்குப் போய்
ரம்பங்களின் முன் நின்றார்.
ஒன்றின் பல்லைக் கட்டைவிரலால் தடவினார்.
நான் கல்லாவில்
எண்ணிய சில்லறையையே மறுபடி எண்ணினேன்.

பத்தடிக் கம்பம் ஒன்று வாங்கினார்.
இழுத்துக் கட்டக் கொஞ்சம் கம்பி.
பத்தடி போதாது என்று
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வாசலில் உள்ளங்கையை நீட்டி
வானத்தைப் பார்த்தார்.
மழை வருமா? என்றார், என்னைப் பார்க்காமல்.

மத்தியானத்துக்கு மேல், என்றேன்.
முதலில் தூறலாய்,
இருட்டும் முன் கனமாய்,
ஏரிப் பக்கம் காற்றோடு.
காலையில் கேட்டதைக் கேட்டபடியே,
அவள் நிறுத்திய இடங்களில் நிறுத்தி.