பெஞ்சு எந்தப் பக்கம்

ஒன்றிய அலுவலகத்தில் நான் வரைந்த தாளில்
எட்டு பெஞ்சும் கடலைப் பார்த்து இருந்தன.
நடைபாதை நானூற்றுப் பத்து மீட்டர்,
இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு.

சின்னப்பாலத்தில் தாளை மணலில் விரித்தோம்.
கச்சான் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது.
நாலு மூலைக்கும் செருப்பு வைத்தார்கள்.

பாசிக்குப் போய்வந்த இருளாயி
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்:
"இது யாரு உக்கார்றதுக்கு?"
உங்களுக்குத்தான் என்றேன்.
"விடிஞ்சதுலேருந்து அதுக்குள்ளதான தலைய விட்டுக் கெடக்கோம்.
உக்காந்தும் அதையே பாக்கணுமா?
ரோட்டுப் பக்கம் திருப்பிப் போடுங்க சார்.
பஸ்ஸு போகும், நாலு மூஞ்சி தெரியும்."

பின்னால் ஒருத்தி சிரித்தாள்.
சிரித்தவளே கொஞ்சம் பொறுத்து
ஊஞ்சல் எத்தனை கிலோ தாங்கும் என்றாள்.
'சிறுவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்த இடத்தைப்
பெருவிரலால் மறைத்துக்கொண்டேன்.

திருத்திய மதிப்பீட்டில்
காரணம் எழுதும் கட்டம் ஒன்று இருக்கிறது.
வெகுநேரம் ஒன்றும் ஓடவில்லை.
"காற்றின் திசை கருதி" என்று போட்டேன்.

ஊஞ்சலுக்குக் காரணம் எழுதவில்லை.
சங்கிலியை மட்டும்
நங்கூரத்துக்குக் கட்டுகிற தடிமனில் கேட்டிருக்கிறேன்.